கடைசித் தவணைக்கு அடுத்த மாதம்

மாதாமாதம் ஐந்தாம் தேதி காலையில் வந்துகொண்டிருந்த குறுஞ்செய்தி இனி வராது. சம்பளக் கணக்கிலிருந்து தவணை எடுக்கப்பட்டது என்று சொல்லும் அந்த இரண்டு வரிக்குப் பயந்து, நான்காம் தேதி இரவே கணக்கில் இருப்பைப் பார்த்து, போதவில்லை என்றால் யாரிடமாவது கைமாத்து வாங்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ. வீட்டுக் கடன் தீர்ந்ததும் முதலில் காணாமல் போவது அந்தப் பதற்றம். அடுத்து காணாமல் போவது பணம். இதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கடன் முடிந்து ஒரு வருடமான வீட்டில் போய், "மாதாமாதம் மிச்சமாகியிருக்க வேண்டிய அந்தத் தொகை எங்கே?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. ஊதாரித்தனம் ஒன்றும் நடந்திருக்காது. ஐந்நூறு ரூபாய் மொய் இரண்டாயிரம் ஆகியிருக்கும். ஏ.சி. இரவு முழுக்க ஓடியிருக்கும். பையனின் பழைய போனுக்குப் பதில் புதுப் போன் வந்திருக்கும், அதுவும் தவணையில். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். மொத்தத்தில் பணம் இருக்காது.

காரணம் எளிது. கடன் கொடுத்தபோது வங்கி நமக்கு இரண்டு பொருளைக் கொடுத்தது. ஒன்று பணம், இன்னொன்று கட்டாயம். பணத்துக்கு வட்டி கட்டினோம் என்று நமக்குத் தெரியும். கட்டாயமும் அதே வட்டியில்தான் வந்தது என்பது தெரியாது. கடைசித் தவணையோடு வங்கி அந்தக் கட்டாயத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கடன் முடிந்த வீட்டின் முதல் வேலை, அந்தக் கட்டாயத்தை வட்டி இல்லாமல் சொந்தமாகச் செய்துகொள்வதுதான். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

எவ்வளவு பெரிய காரியத்தை அந்த வீடு செய்து முடித்திருக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 25 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வையுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 22,500 ரூபாய். முதல் மாதத் தவணையில் 18,750 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது நாலாயிரத்துக்கும் குறைவு. அசலில் பாதி தீர்வதற்கு 14 ஆண்டு ஆகும். 20 ஆண்டில் கட்டிய மொத்தம் 54 லட்சம், அதில் வட்டி மட்டும் 29 லட்சம். நிஜத்தில் கணக்கு இவ்வளவு நேராகவும் இருந்திருக்காது. ரிசர்வ் வங்கி 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியபோது, பல வங்கிகள் தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டிவிட்டன. முடியப்போகிறது என்று நினைத்தவர்கள் இன்னும் சில வருடம் கட்டினார்கள்.

இவ்வளவையும் தாண்டி வந்த குடும்பத்துக்கு, மாதம் 22,500 ரூபாயை வருடக்கணக்கில் ஒதுக்கி வைக்கத் தெரியும் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் உண்மையான செய்தி. அந்தப் பழக்கம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. போய்ச் சேரும் இடம்தான் மாற வேண்டும்.

முதலில் காகிதம்

புது இலக்குகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், பழைய கடன் நிஜமாகவே முடிந்ததா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டி முடிப்பது ஒன்று, காகிதத்தில் முடிவது இன்னொன்று. தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் வீட்டுக் கடன் பெரும்பாலும் அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து வாங்குவது. அப்படி ஒப்படைத்ததற்கு ஓர் ஆவணம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். எம்.ஓ.டி. என்று வங்கிக்காரர்களும் பத்திர எழுத்தர்களும் சொல்வது இதைத்தான். பதிவான அன்றிலிருந்து அந்தக் கடன் உங்கள் சொத்தின் வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரியாக உட்கார்ந்துவிடும். கடனைக் கட்டி முடித்ததும் அந்த வரி தானாக அழியாது. வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட்டு, கடன் தீர்ந்தது என்று ஒரு ரசீது ஆவணம் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அப்போதும் பழைய வரி இருக்கும், ஆனால் அதன் கீழே தீர்ந்த வரியும் வந்துவிடும்.

வங்கி கொடுத்த நிலுவையில்லாச் சான்றையும் பத்திரக் கட்டையும் வாங்கி பீரோவில் வைத்து, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுபவர்கள் அதிகம். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வக்கீல் வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு "இந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருக்கே" என்பார். அந்த நேரத்தில் கடன் கொடுத்த வங்கியே அந்தப் பெயரில் இருக்காது. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017-ல் பாரத ஸ்டேட் வங்கிக்குள் போனது. எச்.டி.எஃப்.சி. நிறுவனம் 2023 ஜூலை 1 அன்று எச்.டி.எஃப்.சி. வங்கியோடு சேர்ந்தது. 2005-ல் ஒரு பெயரில் வாங்கிய கடனை 2025-ல் இன்னொரு பெயரில் முடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இணைப்பு நடந்தால் புது வங்கிதான் பொறுப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய கோப்பைத் தேடி எடுக்கும் அலைச்சல் நமக்கு. கடன் முடிந்த மாதத்திலேயே ரசீதைப் பதிவு செய்தால் அந்த அலைச்சல் இல்லை. அப்புறம் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்த்து, தீர்ந்த வரி வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளலாம்.

வங்கி இழுத்தடித்தால்? முன்பெல்லாம் கெஞ்சுவதைத் தவிர வழியில்லை. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு நிலைமையை மாற்றியது. கடன் முழுதாகத் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும், பதிவாகியிருக்கும் சுமையையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியின் தரப்பில் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் தொலைந்திருந்தாலோ சேதமாகியிருந்தாலோ சான்றிட்ட நகல் எடுத்துத் தருவதும் அதற்கான செலவும் வங்கியின் பொறுப்பு. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம். கடன் வாங்கியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் எப்படி ஒப்படைப்பது என்பதற்கும் வங்கிகள் நடைமுறை வைத்து, அதை இணையதளத்தில் போட வேண்டும். இந்த உத்தரவை ஒரு வரியில் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தாலே பல மேசைகளில் கோப்பு நகரும்.

பத்திரக் கட்டை வாங்கும்போது அங்கேயே உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். கடன் வாங்கிய நாளில் எந்தெந்த ஆவணங்களைக் கொடுத்தீர்கள் என்று வங்கி ஒரு பட்டியல் தந்திருக்கும். அதை வைத்து கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம் என்று பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம். வெளியே வந்து ஒரு மாதம் கழித்து நடுவில் இரண்டு பக்கம் இல்லை என்றால் நிரூபிக்க முடியாது. முன்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகள் மிச்சம் இருந்தால் அவற்றையும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்ததற்கான சான்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சொத்தின் மேல் உள்ள அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேடு ஒன்று 2011 முதல் இருக்கிறது. செர்சாய் என்பார்கள். அதிலும் வங்கி இந்தக் கடனை முடித்துக்காட்ட வேண்டும்.

நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாக வருகிறதா என்று ஓரிரு மாதத்தில் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவ்வளவுதான், இதில் வேறு சூட்சுமம் இல்லை.

வங்கி சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டவை

கடன் இருந்த காலத்தில் வீட்டுக்கு ஒரு காப்பீடு இருந்திருக்கும். அடமானச் சொத்து எரிந்தோ இடிந்தோ போனால் தன் பணம் போய்விடுமே என்று வங்கி அதை வலியுறுத்தியிருக்கும். பல பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கடனோடு அதுவும் முடிந்துவிடும், யாரும் நினைவூட்ட மாட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில், வங்கிக்காக எடுத்த காப்பீட்டை நமக்காக எடுக்க நமக்குத் தோன்றாதது கொஞ்சம் வேடிக்கைதான். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் க்ருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். மனையின் விலையைச் சேர்க்கத் தேவையில்லை, திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுத்தால் போதும். அதனால் பிரீமியம் பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே வரும்.

கடன் வாங்கிய நாளில் ஒரே தவணையாக ஆயுள் காப்பீடு ஒன்றையும் தலையில் கட்டியிருப்பார்கள். முன்கூட்டியே கடனை முடித்திருந்தால், மீதிக் காலத்துக்கு அந்தப் பாலிசியில் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது பாதுகாப்பு தொடருமா என்று கேளுங்கள். தனியாக டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இருந்தால் அதை மட்டும் "இனி எதற்கு" என்று நிறுத்திவிட வேண்டாம். கடன் போய்விட்டது, பிள்ளைகளின் படிப்பு போகவில்லை.

வருமான வரியிலும் ஒரு மாற்றம் உண்டு. பழைய வரிமுறையில் இருந்தவர்கள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரையும், அசலுக்கு 1.5 லட்சம் வரம்புக்குள்ளும் கழிவு பெற்றார்கள். கடன் தீர்ந்ததும் அந்தக் கழிவு இல்லை. ஆகவே பழைய முறையிலேயே இருப்பதற்குப் பல பேருக்குக் காரணமும் இல்லாமல் போகிறது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில், சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால், 12.75 லட்சம் ஆண்டு வருமானம் வரை வரியே இல்லை. வருடத் தொடக்கத்தில் அலுவலகத்தில் கேட்கும் படிவத்தில் பழக்கதோஷத்தில் பழைய முறையையே குறிக்காமல் ஒருமுறை இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். வரியை மிச்சம் பிடிக்கவே கடனை முடிக்காமல் வைத்திருந்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரியை மிச்சம் பிடிக்கும் கணக்கு அது.

பணம் போகும் வழிகள்

கடன் முடிந்த செய்தி நமக்கு முன்னால் சிலருக்குத் தெரிந்துவிடும். முதலில் வங்கியிலிருந்தே அழைப்பு வரும். "சார், உங்க ரெக்கார்டு ரொம்ப நல்லா இருக்கு, பதினைந்து லட்சம் தயாரா இருக்கு" என்பார் ஒரு பெண். இருபது வருடம் ஒழுங்காகக் கட்டியதற்குப் பரிசு, இன்னொரு கடன். அப்புறம் மனை விற்பவர்கள். அதற்கும் அப்புறம் சொந்தம். "சித்தப்பா, நீங்கதான் கடன முடிச்சிட்டீங்களே, எனக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து போட்டா போதும்" என்று அண்ணன் மகன் வந்து நிற்பான். பணமா கேட்கிறான், கையெழுத்துதானே என்று தோன்றும். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. அவன் கட்டாவிட்டால் வங்கி நேராக உங்களிடமே வரலாம். கொடுக்க மனமிருந்தால், திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுப்பது கையெழுத்துப் போடுவதைவிட மலிவு.

மனையும் இரண்டாவது வீடும் தனியாகப் பேச வேண்டியவை. ஒரு வீட்டுக் கடனை முடித்தவருக்கு இன்னொரு வீடு வாங்குவது தெரிந்த பாதை, அதனால் பாதுகாப்பாகத் தெரியும். 60 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் வாங்கி 15,000 ரூபாய் வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 1.8 லட்சம், அதாவது போட்ட பணத்துக்கு 3 சதவீதம். அதிலும் சொத்து வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதங்கள் கழியும். இதைக் கடன் வாங்கிச் செய்தால் 8 சதவீதத்துக்கு வாங்கி 3 சதவீதத்துக்கு விடுகிறோம். விலை ஏறும் என்ற ஒரு நம்பிக்கையில்தான் எல்லாம் நிற்கிறது. ஏறலாம். ஐம்பது வயதுக்கு மேல் இன்னொரு பதினைந்து வருடத் தவணையில் மாட்டிக்கொண்டு அதைக் காத்திருந்து பார்க்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நகையைப் பற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கடன் காலத்தில் அடகு வைத்த நகை ஏதாவது இன்னும் அடகுக் கடையிலோ வங்கியிலோ இருந்தால், புது நகைக்கு முன் அதை மீட்க வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கிக்கும் இதுவே விதி. ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் போகும் வட்டியை வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் முடிந்ததைக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

ஏலச்சீட்டைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சீட்டில் ஒரு கட்டாயம் இருக்கிறது. பணம் கட்டாவிட்டால் வீட்டுக்கே ஆள் வரும். நாம் தேடும் பொருள் அதுதானே. ஆனால் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டாக இருக்க வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பின் 7 சதவீதம் வரை போகலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தெருவில் தெரிந்த அக்கா நடத்தும் பதிவில்லாத சீட்டில் அந்த அக்காவின் நல்ல மனதைத் தவிர வேறு ஈடு இல்லை.

இத்தனை சொன்னாலும், முழுத் தொகையையும் அடுத்த மாதமே பூட்டி வைக்கச் சொல்வது மனிதர்களைப் புரிந்துகொள்ளாத யோசனை. "ஏங்க, இருபது வருஷமா அஞ்சாம் தேதிக்குப் பயந்தே இருந்தோம். ஒரு வருஷமாவது பயமில்லாம இருக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. முதல் மூன்று தவணைத் தொகையை வெளிப்படையாகவே செலவுக்கு ஒதுக்கிவிடலாம். குடும்பத்தோடு ஒரு பயணமோ, தள்ளிப்போட்ட ஒரு சோபாவோ. தெரிந்து செலவழித்த அறுபத்தேழாயிரம் நினைவில் நிற்கும். தெரியாமல் கசிந்த இரண்டு லட்சம் எதிலும் நிற்காது.

அந்தப் பணம் எங்கே போகலாம்

முதலில் அவசரத்துக்கென்று ஒரு தொகை. ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. கடன் முடிந்தவருக்கு அதில் ஒரு சலுகை கிடைக்கிறது. வீட்டுச் செலவு 40,000, தவணை 22,500 என்று இருந்தபோது ஆறு மாதத்துக்கு 3.75 லட்சம் வேண்டியிருந்தது. இப்போது 2.4 லட்சம் போதும். வேலை போனால் ஜப்தி வரும் என்ற பயம் இல்லாததே பெரிய காப்பீடு. இந்தத் தொகையை வங்கி வைப்பில் வைத்தால் போதும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடும் உண்டு.

அடுத்தது வயது. 33 வயதில் 20 ஆண்டுக் கடன் வாங்கியவருக்கு முடியும்போது 53. ஓய்வுக்கு ஏழு வருடம்கூட முழுசாக இல்லை. தனியார் வேலையில் இருப்பவர்கள் பி.எஃப். அலுவலகத்திலிருந்து வரும் ஓய்வூதியத்தை நம்பியிருந்தால் அதன் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பள உச்சவரம்பு 2014 முதல் 15,000 ரூபாய். அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 35 ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் வருவது மாதம் ஏறக்குறைய 7,500 ரூபாய். கையில் எழுபதாயிரம் சம்பளம் வாங்கியவர் அதில் குடும்பம் நடத்த முடியாது.

இங்கேதான் வங்கி விட்டுப்போன கட்டாயத்தைச் சரியான இடத்தில் பொருத்தலாம். சம்பளக்காரர்களுக்குத் தவணைக்கு மிக நெருக்கமான மாற்று, பி.எஃப்.-இல் விருப்பப்பட்டு கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது. வி.பி.எஃப். என்பார்கள். கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள், பார்க்காத பணத்தைச் செலவழிக்க முடியாது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். ஊழியரின் மொத்தப் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கான வட்டிக்கு மட்டும் வரி. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு பி.பி.எஃப். என்ற பொது சேமநல நிதி இருக்கிறது. அதன் வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 2025 முழுக்க 7.1 சதவீதத்திலேயே நின்றது, ஆண்டுக்கு 1.5 லட்சம் உச்சம். 15 ஆண்டு முடிந்த பழைய கணக்கு இருந்தால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம்.

50 வயதில் கடனை முடித்த ஒருவர் அதே 22,500-ஐ 7 சதவீத வட்டியில் பத்து ஆண்டு போட்டால் 39 லட்சம் அளவில் சேரும். ஒரு வருடம் கழித்துத் தொடங்கினால் 33.7 லட்சம். குறையும் ஐந்து லட்சத்துச் சொச்சத்தில் போடாமல் விட்டது 2.7 லட்சம்தான், மீதி வட்டி. இனி அந்த 39 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதானவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2025-ல் இருந்த 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500, மாதத்துக்குப் பார்த்தால் 20,500 ரூபாய். நாம் வங்கிக்குக் கட்டிக்கொண்டிருந்த தவணைக்கு ஏறக்குறைய சமம். இருபது வருடம் போன வழியிலேயே பணம் திரும்பி வருகிறது.

ஆனால் பத்து வருடம் கழித்து வரும் 20,500 இன்றைய மதிப்பில், விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 12,500 ரூபாய்தான். அதனால் முழுத் தொகையையும் நிலையான வட்டியிலேயே வைப்பதும் சரியில்லை. ஐந்து, ஏழு வருடம் தொடவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பங்கை, நிஃப்டி போன்ற பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடலாம். தேதி? பழைய ஐந்தாம் தேதியே இருக்கட்டும். உடம்புக்குப் பழகிய தேதி. சந்தை விழும் வருடங்களில் தூக்கம் கெடும் என்றால் அந்தப் பங்கு உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை இதே வருடத்தில் முடிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். அலுவலகம் தரும் காப்பீடு வேலையோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் குறைத்தது. 53 வயதில் சொந்தமாக எடுத்தால் அந்த மூன்று ஆண்டும் வேலையில் இருக்கும்போதே ஓடிவிடும். 60-ல் எடுத்தால் தேவைப்படும் வயதில் காத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது.

வீட்டுக்கும் வயதாகியிருக்கும். 20 வருடக் கட்டடத்தில் மொட்டைமாடி ஒழுக ஆரம்பிக்கும், ஒயரிங் பழசாகியிருக்கும், குளியலறைக் குழாய் சுவருக்குள் கசியும். 2022-ல் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியதும் நினைவிருக்கும். பழைய தவணையில் பத்தில் ஒரு பங்கை வீட்டின் பெயரிலேயே ஒரு தொடர் வைப்பாகப் போட்டால், பெயின்ட் அடிக்க மறுபடி கடன் வாங்க வேண்டியதில்லை.

பிள்ளையின் படிப்பும் மீட்ட பத்திரமும்

மிகக் கடினமான முடிவு இதுதான். கடன் முடியும் வயதும் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதும் நம் குடும்பங்களில் ஒன்றாகவே வரும். கையில் புதிதாக நிற்கும் பணத்தின் மேல் முதல் உரிமை பிள்ளைக்கே என்று அப்பா அம்மா மனது சொல்லும். உள்ளூர்ப் படிப்பு என்றால் மாத வருமானத்திலேயே சமாளித்துவிடலாம். வெளிநாட்டு மேற்படிப்பு என்றால்தான் சிக்கல். பெரிய தொகைக்கான கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்தை ஈடாகக் கேட்கும். போன மாதம் மீட்டு வந்த அதே பத்திரக் கட்டை மறுபடி அதே மேசையில் வைக்க வேண்டியிருக்கும்.

வைக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஈடு இல்லாத கல்விக் கடனுக்கு வட்டி கூடும், ஈடு வைத்தால் குறையும். ஆனால் அது யாருடைய கடன் என்பது முதல் நாளே பேசி முடிவாக வேண்டும். படித்து முடித்து பிள்ளை கட்டப்போகிறதா, ஓய்வுபெற்ற அப்பா கட்டப்போகிறாரா? படிக்க வங்கி கடன் தரும். அறுபது வயதுக்கு மேல் சாப்பிடக் கடன் தருபவர் யாரும் இல்லை என்று எழுதப் போனேன், ஆனால் ஒருவர் இருக்கிறார். வீட்டையே அடமானம் வைத்து மாதாமாதம் வங்கியிடமிருந்து பணம் வாங்கும் தலைகீழ் அடமானத்தை 2007-08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்தார். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருக்கலாம், காலத்துக்குப் பின் வாரிசுகள் கடனைக் கட்டி மீட்கலாம் அல்லது வங்கி விற்றுக் கழித்துக்கொள்ளும். காகிதத்தில் நல்ல திட்டம். நம் ஊரில் அது எடுபடவே இல்லை. பிள்ளைகளுக்கு என்று மீட்ட வீட்டைத் தன் சாப்பாட்டுக்காக மறுபடி வங்கியில் வைக்க இங்கே யாருக்குத்தான் மனம் வரும்?

பிள்ளைகளுக்கு என்று சொன்னால், அதை எழுதி வைத்தோமா என்பதும் இருக்கிறது. கடன் இருந்தவரை பத்திரம் வங்கியில் பத்திரமாக இருந்தது. இப்போது அது வீட்டில். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதினால் வீடு அன்றே கைமாறிவிடும். உயில் என்றால் கடைசிவரை மாற்றி எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும், பதிவு செய்தால் பின்னாளில் சந்தேகம் குறையும். கணக்குகளில் போட்டிருக்கும் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆளே தவிர சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பத்திரம் பீரோவிலா லாக்கரிலா, சாவி யாரிடம், ரசீது ஆவணத்தின் பதிவு எண் எந்த நோட்டில் இருக்கிறது என்பது கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கும் ஒருமுறை காட்டிவிடலாம்.